சும்மா இருக்கிற வீடு

1

‘பாஸிவ் ஹவுஸ்’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது? அகராதியைப் பார்த்து ‘செயலற்ற வீடு’ என்று எழுதுகிறார்கள். கேட்டால் ஆள் ஒழிந்து பூட்டிக் கிடக்கிற வீடு மாதிரி இருக்கிறது. வெயில், காற்று, நிழல், சுவரின் கனம் இவற்றை வைத்தே சூட்டையும் குளிரையும் சமாளித்துக்கொண்டு, மின்சாரத்தை அதிகம் கேட்காமல் இருக்கிற வீடு என்பதுதான் பொருள். நம் பேச்சில் சொன்னால் சும்மா இருக்கிற வீடு. சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டமான காரியம் என்று நம் சித்தர்களுக்குத் தெரியும். வீட்டு விஷயத்திலும் அப்படித்தான். ஒரு வீடு சும்மா இருக்க வேண்டுமானால் யாரோ ஒருவர் சும்மா இல்லாமல் பாடுபட்டாக வேண்டும். அவர் யார், அவருக்குப் பொருளும் காடும் நேரமும் யாரால் மறுக்கப்பட்டன என்று கேட்காமல் ‘ஆற்றல் சேமிக்கும் வீடு’ பற்றிப் பேசுவது, அடுப்பைப் பற்றிப் பேசாமல் சமையலைப் பேசுவது போல.

இச்சொல்லின் பிறப்பிடம் ஜெர்மனி. டார்ம்ஸ்டாட் நகரில் 1991இல் மக்கள் குடியேறிய நான்கு வரிசை வீடுகளே இந்தப் பெயரில் அமைந்த முதல் வீடுகள். வொல்ஃப்காங் ஃபைஸ்ட் என்ற ஜெர்மானியரும் போ ஆடம்சன் என்ற ஸ்வீடன் பேராசிரியரும் வகுத்த கணக்கு அது. ஒரு சதுர மீட்டர் பரப்பைச் சூடாக்க ஆண்டுக்கு 15 யூனிட்டுக்கு மேல் செலவாகக் கூடாது. அதற்காகத் தடித்த வெப்பக் காப்பு, மூன்றடுக்குக் கண்ணாடி, காற்றுக் கசியாத சுவர், வெளியேறும் காற்றின் சூட்டைப் பிடித்து உள்ளே வரும் காற்றுக்குக் கொடுக்கிற கருவி. உறைபனி விழுகிற ஊருக்கு இது சரி. வட தமிழ்நாட்டுச் சமவெளியில் கணக்கே தலைகீழ். இங்கே பகல் சூட்டை உள்ளே விடாமலும், விட்டதை ராத்திரிக்குள் வெளியே தள்ளிவிடவும் வேண்டும். காற்று கசிந்தால்தான் ஆள் தூங்க முடியும். ஆனால் நம் நகரங்களில் விற்பனைக்கு வருகிற ‘பசுமைக் கட்டட’ப் பேச்சு பெரும்பாலும் ஜன்னலை மூடி, ஏசியைச் சிக்கனமாக ஓட்டுகிற பேச்சாகவே இருக்கிறது. அது ஏசி வாங்கியவனுக்கான சிக்கனம். வாங்காதவன் வீடு எப்படி இருக்கிறது என்று பார்ப்பதற்குக் கள்ளக்குறிச்சியும் அதன் மேற்கே நிற்கிற கல்வராயன் மலையும் நல்ல இடங்கள். வெக்கைக்கும் குளிருக்கும் ஒரே நாளில் போய் வரலாம். இரண்டு இடத்திலும் அரசு கட்டித் தருவது என்னவோ ஒரே மாதிரிப் பெட்டிதான்.

2

தமிழ்நாட்டில் ‘பசுமை வீடு’ என்ற சொல்லைக் கிராமத்துக்குக் கொண்டுபோனது அரசு. 2011இல் ஜெயலலிதா ஆட்சியில் சூரிய மின்சக்தியுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டம் வந்தது. 300 சதுர அடி. கூடம், படுக்கையறை, சமையலறை, கழிப்பறை, தாழ்வாரம். தொடக்கத்தில் வீட்டுக்கு 1.80 லட்சம் ரூபாய். அதில் 30,000 சூரிய விளக்குக்கு. ஆண்டுக்கு 60,000 வீடுகள் என்று இலக்கு. செங்கல் சுவர், கான்கிரீட் தளம், மேலே ஒரு சூரியத் தகடு, உள்ளே ஐந்து விளக்கு.

இந்த வீட்டை ஒரு பிரதியாக வாசித்தால் ‘பசுமை’ எங்கே எழுதப்பட்டிருக்கிறது? அந்தத் தகட்டில் மட்டுமே. தகட்டைக் கழற்றிவிட்டால் மிச்சமிருப்பது பழைய தொகுப்பு வீடு. தகட்டுக்குக் கீழே நடப்பதைப் பார்ப்போம். சித்திரை நடுப்பகலில் கூரையின் ஒவ்வொரு சதுர மீட்டர் மேலும் ஏறத்தாழ ஆயிரம் வாட் வெயில் இறங்குகிறது. நாலைந்து அங்குலக் கான்கிரீட் தளம் அதில் பெரும்பகுதியை வாங்கி வைத்துக்கொண்டு, இரண்டு மூன்று மணி நேரத்தில் கீழே இறக்கத் தொடங்குகிறது. சூரியன் மறைந்த பிறகும் தளம் விடுவதில்லை. படுத்திருப்பவர் மேல் ராவெல்லாம் அனல் இறங்குகிறது. வெயில் காலத்தில் காலனி வீடுகளில் வாசலில் பாய் விரித்துப் படுப்பதைப் பார்த்து ‘ஜனங்களுக்கு வெட்டவெளிதான் பிடிக்கும்’ என்று நினைத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். பிடித்துப் படுக்கவில்லை. உள்ளே இருக்க முடியவில்லை. வாசலில் படுக்க முடியாத வயதுப் பெண்கள், கைக்குழந்தைக்காரிகள், நோயாளிகள் ஆகியோர் உள்ளேயே வெந்துகொண்டிருக்கிறார்கள் என்பதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

அதே 2011இல் அதே அரசு மிக்சி, கிரைண்டரோடு மின்விசிறியும் விலையில்லாமல் கொடுத்தது. ஒரு கையால் சூட்டைக் கட்டிக் கொடுத்து மறு கையால் விசிறி கொடுத்த காட்சி இது. விசிறி என்ன செய்யும்? தளத்துக்குக் கீழே நிற்கிற வெக்கையை இழுத்துத் தலையில் இறக்கும். பசுமை என்ற பெயரில் கட்டிய வீடே மின்சாரத்துக்கு ஒரு நிரந்தர வாடிக்கையாளரை உற்பத்தி செய்கிறது.

2024இல் வந்த ‘கலைஞரின் கனவு இல்லம்’ தொகையை 3.50 லட்சமாகவும் பரப்பை 360 சதுர அடியாகவும் உயர்த்தியது. இதில் 300 சதுர அடி கான்கிரீட் கூரைதான் என்பது விதி. மிச்சம் 60 சதுர அடியில் மட்டுமே பயனாளிக்குக் கூரை பற்றிய விருப்பம், அதுவும் தீப்பிடிக்காத கூரையாக இருந்தால். ஆட்சி மாறினாலும் தளம் மாறவில்லை.

இன்னொரு ஆவணத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 2018இல் ஒன்றிய மின்சக்தி அமைச்சகம் குடியிருப்புகளுக்கான ஆற்றல் சிக்கன விதித்தொகுப்பு ஒன்றை ‘எகோ நிவாஸ் சம்ஹிதா’ என்ற பெயரில் வெளியிட்டது. கூரை வழியாக எவ்வளவு வெப்பம் கடக்கலாம் என்பதற்கு அதில் ஒரு மேல் எல்லை உண்டு: ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வேறுபாட்டுக்கு 1.2 வாட். மேலே எந்தக் காப்பும் போடாத வெறும் கான்கிரீட் தளம் இதைப்போல இரண்டரை, மூன்று மடங்கு கடத்தும். அப்படியானால் அரசு கட்டித் தருகிற வீடெல்லாம் விதிமீறலா? இல்லை. 500 சதுர மீட்டர் அல்லது அதற்கு மேற்பட்ட மனையில் எழும் குடியிருப்புகளுக்கே அந்தத் தொகுப்பு பொருந்தும். ஏறக்குறைய பன்னிரண்டு சென்ட். ஒன்றரை, இரண்டு சென்ட் காலனி மனைக்காரர் அந்த விதியின் வாசலில்கூட நிற்க முடியாது. வெப்பத்திலிருந்து காக்கப்படும் உரிமை பன்னிரண்டு சென்ட்டில்தான் ஆரம்பிக்கிறது என்பதை இவ்வளவு வெளிப்படையாக எழுதிவைத்த அரசுப் பிரதி வேறு இருக்குமா தெரியவில்லை.

3

கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைத் தாண்டி மலை ஏறினால் கரியாலூர், வெள்ளிமலை. இங்கே வாழ்கிறவர்கள் மலையாளிப் பழங்குடியினர். கேரளத்தாரோடு சம்பந்தமில்லை. காஞ்சியிலிருந்து மலையேறி வந்ததாகத் தங்கள் கதையைச் சொல்பவர்கள். 1976 வரை இம்மலை ஜாகிர்தார்களின் பிடியில் இருந்தது. உழுதவனுக்கு நிலம் இல்லை, உழைப்புக்குக் கூலி இல்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்துக்கு அறுபதுக்கு மேற்பட்ட உயிர்கள் போன பிறகே சமவெளியின் கண் மறுபடி மலைமேல் விழுந்தது. மறு மாதம் உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து மலைவாழ் மக்களின் நிலை பற்றி வழக்கு எடுத்தது. ஆக, நம் பொதுப்பேச்சில் மலை வருவது சாராய ஊறலாக, இல்லையென்றால் அருவி பார்க்கும் சுற்றுலாவாக. வீடு கட்டத் தெரிந்தவர்களின் இடமாக அது ஒருபோதும் வந்ததில்லை.

அவர்களுக்குத் தெரிந்த வீடு எப்படிப்பட்டது? மூங்கில் பிளாச்சை நெருக்கி நட்டு இருபுறமும் செம்மண் பூசிய சுவர். புல் வேய்ந்த கூரை. தாழ இறங்கி வந்து சுவரை மழையிலிருந்தும் வெயிலிலிருந்தும் மறைக்கிற இறவானம். உள்ளே அடுப்பு. இதில் ஒவ்வொன்றும் வேலை செய்கிறது. புல்லின் ஆயிரம் தாள்களுக்கு இடையே அடைபட்ட காற்று சூட்டைக் கடத்தாது. மார்கழிக் குளிரில் அதே காற்று அடுப்பின் வெப்பத்தை வெளியே விடாது. அடுப்புப் புகை கூரைக்குள் ஏறிப் புல்லை அரிக்கிற பூச்சியை விரட்டும். கான்கிரீட் தளமோ மலையில் இரட்டைக் குற்றவாளி. பகலில் வாங்கிய வெயிலைக் கீழே இறக்கும், குளிர்கால ராத்திரியில் வீட்டின் சூட்டைத் திறந்த வானத்துக்குத் தாரை வார்க்கும்.

ஆனால் அரசின் ஏட்டில் இந்த வீட்டுக்குப் பெயர் வேறு. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வீடுகளை ‘நிலையானவை’, ‘அரை நிலையானவை’, ‘தற்காலிகமானவை’ என்று பிரித்து வந்திருக்கிறது. சுவரும் கூரையும் எந்தப் பொருளால் ஆனவை என்பதே அளவுகோல். மண், மூங்கில், புல் என்றால் தற்காலிகம். தகரம், ஆஸ்பெஸ்டாஸ் என்றால் நிலையானது! ஒன்றரை அடி மண்சுவர் எழுப்பிப் புல் வேய்ந்தவன் வீடில்லாதவனுக்கு அடுத்த படியில் நிற்கிறான். நாலு புறமும் தகரம் அடித்து அதற்குள் வேகிறவன் நிலையான வீட்டுக்காரன். இந்த வகைப்பாடு வெறும் கணக்கு அல்ல. எந்த வீட்டை இடிக்க வேண்டும், எந்த வீட்டுக்குப் பணம் தர வேண்டும் என்பதை இதுதான் தீர்மானிக்கிறது. எந்த அறிவு அறிவே இல்லை என்பதையும்தான்.

காரணம் அறிவுத் தளத்தில் மட்டும் இல்லை. இந்த வீட்டின் பொருளெல்லாம் காட்டிலிருந்து வருகிறது. 1882ஆம் ஆண்டுச் சென்னை வனச் சட்டத்துக்குப் பிறகு காப்புக்காடு என்று கோடு போட்ட இடத்தில் மூங்கில் வெட்டுவதும் புல் அறுப்பதும் குற்றமாகவோ கார்டு பார்த்துப் போனால் போகட்டும் என்று விடுகிற சலுகையாகவோ ஆகிவிட்டன. இருபது வருஷத்துக்கு ஒரு முறை வீடு கட்டுகிறவன் கூரையை மட்டும் சில வருஷத்துக்கு ஒரு முறை மாற்றியாக வேண்டும். ஒவ்வொரு முறையும் திருடனாகக் காட்டுக்குள் போக வேண்டுமென்றால் எத்தனை நாள் அந்த வீடு நிற்கும்? 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் மரம் நீங்கலான காட்டுப் பொருள்கள் மேல், மூங்கில் உட்பட, பழங்குடிகளுக்கு உரிமை உண்டு என்றது. தமிழ்நாட்டில் நீதிமன்ற இடைக்கால ஆணையைக் காரணம் காட்டி 2016 வரை பட்டா வழங்குவதே முடங்கிக் கிடந்தது. அதற்குள் ஒரு தலைமுறை போய்விட்டது. புல் வேயத் தெரிந்த கை வெளியூர் வேலைக்குப் போய்விட்டது. இப்போது சிமெண்டும் கம்பியும் ஜல்லியும் கள்ளக்குறிச்சியிலிருந்து லாரியில் மலை ஏறுகின்றன. ஏற்றுக்கூலி வீட்டுக்காரன் தலையில். தளமட்டம், லிண்டல் மட்டம், கூரை என்று தவணை பார்த்து வருகிற அரசுப் பணம் போதாமல் மிச்சத்துக்குக் கடன்.

4

இந்த இடத்தில் நம் மரபுவாதி நண்பர்கள் உற்சாகமாகி விடுவார்கள். ‘பார்த்தீர்களா, தமிழன் அன்றே கண்டான்’ என்று திண்ணை, முற்றம், தாழ்வாரம், சுண்ணாம்பு, கடுக்காய், வெல்லம் எல்லாம் வரிசையாக வரும். படம் மட்டும் எப்போதும் செட்டிநாட்டு வீட்டுப் படம், இல்லாவிட்டால் அக்கிரகாரத்து வீட்டுப் படம். முற்றத்தின் வழியே சூடு மேலே போகும், தாழ்வாரம் நிழல் தரும் என்பதெல்லாம் உண்மை. ஆனால் முற்றத்துக்கு இடம் வேண்டும். ஒரு வீட்டின் முற்றம் இரண்டு மூன்று சேரிக் குடிசைகளின் பரப்பு. திண்ணையின் நிழலில் யார் உட்காரலாம், யார் தெருவில் வெயிலில் நின்று கைகட்டிப் பேச வேண்டும் என்று ஊருக்குத் தெரியும். குளிர்ச்சி சாதிவாரியாகப் பங்கிடப்பட்டிருந்தது.

இது உவமை இல்லை. கருவூரில் கோனேரின்மைகொண்டான் பெயரில் ஒரு கல்வெட்டு உண்டு. கொங்கு நாட்டுக் கம்மாளருக்கு அரசன் சில உரிமைகளை வழங்குகிறான்: நல்லது கெட்டதுக்கு இரட்டைச் சங்கு ஊதலாம், பேரிகை கொட்டலாம், வெளியே போகும்போது செருப்புப் போடலாம், தங்கள் வீடுகளுக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம். ஊரார் வீட்டையெல்லாம் கட்டிக் கொடுத்த கைவினைஞன், தன் வீட்டுச் சுவரில் சாந்து பூச அரசாணை வாங்க வேண்டியிருந்தது. அவன் நிலையே இது என்றால் அவனுக்கும் கீழே வைக்கப்பட்டவன் சுவர் எப்படி இருந்திருக்கும்? மண்சுவரும் கீற்றும் எல்லோருக்கும் தேர்வாக இருந்ததில்லை. பலருக்கு அது விதிக்கப்பட்ட எல்லை.

தீயை மறந்துவிட்டுக் கூரையைப் புகழவும் முடியாது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். 2004 ஜூலை 16 கும்பகோணத்தில் பள்ளிக்கூடத்தின் கீற்றுக் கூரை 94 குழந்தைகளைக் கொண்டுபோனது. கரும்புத் தோகை வேய்ந்த குடிசைகள் கள்ளக்குறிச்சிப் பக்கம் கோடையில் ஒரு பொறிக்குக் காத்திருப்பதை நாம் பார்த்திருக்கிறோம். எனவே ஒரு தலித் குடும்பம் ‘மச்சு வீடுதான் வேணும்’ என்று கேட்கும்போது அதில் இருப்பது மோஸ்தர் மோகம் அல்ல. எரியாத கூரைக்கான கோரிக்கை. அந்தக் கூரையும் பொறுக்கப்படவில்லை என்பதைக் கொடியன்குளம் (1995) காட்டியது. தலித்துகள் சம்பாதித்துக் கட்டிய வீடுகளுக்குள் போலீஸ் புகுந்து அடித்து நொறுக்கியது. ‘கான்கிரீட் வேண்டாம், மண்ணுக்குத் திரும்புங்கள்’ என்று அவர்களிடம் போய்ச் சொல்வதற்கு, கான்கிரீட் வீட்டில் இருந்துகொண்டு எழுதுகிற நமக்கு என்ன யோக்கியதை?

இன்னொருவரையும் மறந்துவிட்டோம். மண்சுவர் சும்மா நிற்பதில்லை. ஒவ்வொரு மழைக்கும் விரிசல் விடும். மண் சுமந்து, குழைத்து, பூசி, சாணி கரைத்துத் தரை மெழுகுகிறவள் பெண். கூரைப் புல்லைக் காக்கிற அதே புகைதான் அவள் நுரையீரலுக்குள்ளும் போகிறது. சிலிண்டர் வந்தால் அவளுக்கு மூச்சு, கூரைக்குப் பூச்சி. வீட்டைச் சும்மா இருக்க வைத்தது அவளுடைய ஓயாத வேலை. சூழலியல் கட்டுரைகளில் ‘பராமரிப்பு எளிது’ என்று ஒரு வரி வருமே, அந்த வரிக்குள்தான் அவள் புதைக்கப்பட்டிருக்கிறாள்.

5

அப்படியானால் மண்ணா கான்கிரீட்டா? இந்தக் கேள்வியே தப்பு என்பதற்குக் கள்ளக்குறிச்சியிலிருந்து கிழக்கே நூறு கிலோமீட்டர் சொச்சத்தில் ஒரு கட்டடம் சாட்சி. புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் விடுதியான கோல்கொண்டா. அன்டோனின் ரேமண்ட் வடிவமைக்க, ஜார்ஜ் நகஷிமா உடனிருந்து கட்ட, 1930களின் இறுதியில் தொடங்கியது. முழுக்கக் கான்கிரீட். வடக்கும் தெற்கும் பார்த்து நீளவாக்கில் நிற்கிறது. அந்த இரு பக்கமும் சுவருக்குப் பதில் திருப்பி மூடக்கூடிய பட்டைகள், காற்றையும் வெளிச்சத்தையும் வேண்டியமட்டும் விடுவதற்கு. கூரைத் தளத்தின் மேல் வளைந்த கான்கிரீட் ஓடுகள், இடையே காற்று ஓட இடைவெளி. வெயிலை மேல் ஓடு வாங்கிக்கொள்ள, தளம் நிழலில் இருக்கிறது. குளிரூட்டும் எந்திரம் இல்லாமலே குளிர்ந்திருக்கும்படி யோசித்த கட்டடம். கான்கிரீட்டால் முடியாதது எதுவும் இல்லை, யோசித்தால். அந்த யோசனை ஆசிரமத்துக்குக் கிடைத்தது, காலனிக்குக் கிடைக்கவில்லை.

கிடைக்க முடியாத அளவு செலவா? லாரி பேக்கர் (1917-2007) இதற்கு வாழ்நாள் முழுக்கப் பதில் சொன்னார். பிதோராகர் மலையில் பதினைந்து ஆண்டுக்கு மேல் வாழ்ந்து ஊர்க்காரர் கட்டுவதைப் பார்த்துக் கற்றுக்கொண்டவர். 1970களில் திருவனந்தபுரத்தில் வளர்ச்சி ஆய்வு மையத்தைக் கட்டியவர். செங்கல்லைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி வைத்து நடுவே காற்றுப் பொந்து விடுகிற ‘எலிப்பொறிக் கட்டு’ கால்வாசிச் செங்கல்லை மிச்சம் பிடிக்கிறது, வெப்பத்தையும் தடுக்கிறது. தளத்தின் அடிப்பக்கத்தில் கான்கிரீட்டுக்கு வேலையே இல்லாத இடங்களில் பழைய மங்களூர் ஓட்டைப் பதித்தால் சிமெண்டும் கம்பியும் குறையும், சூடும் குறையும். இவை ஏழை வீட்டுக்காகவே யோசித்தவை. ஆனால் இன்று ‘பேக்கர் பாணி’ வீடு என்பது பெரும்பாலும் படித்த நடுத்தர வர்க்கத்தின் ரசனை. பூசாத செங்கல் அவர்களுக்கு அழகு. சாந்து பூச உரிமை மறுக்கப்பட்ட வரலாறு உடையவனுக்குப் பூசாத சுவர் பழைய அவமானத்தின் மிச்சம். இந்த வேறுபாட்டைப் பேக்கரின் சீடர்கள் எதிர்கொண்டதாகத் தெரியவில்லை.

ஆகவே கேட்க வேண்டியது அழகியல் அல்ல, உரிமை. கூட்டங்களில் வீட்டுமனைப் பட்டா கேட்கிறோம், தொகையை உயர்த்தச் சொல்கிறோம். வீட்டுக்குள் எத்தனை டிகிரி என்று ஒரு முறையாவது கேட்டிருக்கிறோமா? எரியாத கூரையும் வேண்டும், வேகாத கூரையும் வேண்டும் என்பது ஒரே கோரிக்கை. விதித்தொகுப்பின் கூரை எல்லை 360 சதுர அடி வீட்டுக்கும் பொருந்தட்டும். தளத்தின் மேல் சுண்ணாம்பு வெள்ளை அடிப்பதற்கோ, ஒரு அடுக்கு ஓடு பதிப்பதற்கோ, ஜன்னலுக்கு மேல் இரண்டடி நிழல் நீட்டுவதற்கோ ஆகும் காசு திட்ட மதிப்பீட்டுக்குள்ளேயே இருக்கட்டும். தெலங்கானா 2023இல் குளிர்ந்த கூரைகளுக்கென்றே ஒரு கொள்கை வெளியிட்டது. இங்கே ஏன் கூடாது? மலைக்கு மலைக்கான வரைபடம் வேண்டும், அதை வரையும்போது வெள்ளிமலைப் பெண்கள் உட்கார்ந்திருக்க வேண்டும். மண்ணும் மூங்கிலும் வேண்டுமென்று ஒரு குடும்பம் சொன்னால், ‘தற்காலிகம்’ என்று பணத்தை மறுக்காமல் கொடுக்க வேண்டும். அந்த மூங்கிலை வெட்டப் போகிறவனைக் காட்டில் மறிக்கக் கூடாது.

இதில் கடைசிக் கோரிக்கைதான் அரசுக்கு மிகவும் கசக்கும். சுண்ணாம்புக்குப் பணம் ஒதுக்குவது சுலபம். காட்டின் மேல் உரிமையைக் கொடுப்பது அவ்வளவு சுலபம் அல்ல. இயக்கங்கள் வன உரிமையை ஒரு அறையிலும் வீட்டு வசதியை இன்னொரு அறையிலும் வைத்துப் பேசுகிற வரை, மலைமேல் லாரிகள் சிமெண்ட் ஏற்றிக்கொண்டுதான் போகும். கீழே காலனியில் பெண்கள் விடிவதற்காகக் காத்துக்கொண்டு உள்ளேயே படுத்திருப்பார்கள்.